விண்டோஸின் மறுமணம்

பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் புதியதில் மாட்டினால் விண்டோஸ் அப்படியே வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எக்ஸ்பி காலத்தில் இந்த நம்பிக்கைக்குக் கிடைத்தது பெரும்பாலும் நீலத்திரைதான். புது போர்டில் டிஸ்க்கைக் கையாளும் சிப் வேறு, அதற்கான டிரைவர் கைவசம் இல்லை. தான் குடியிருக்கும் டிஸ்க்கையே காணோம் என்று விண்டோஸ் கையை விரித்துவிடும்.

விண்டோஸ் 10 அவ்வளவு முரடில்லை. சாதனங்களைத் தயார் செய்வதாகச் சொல்லிக் கொஞ்சநேரம் சுற்றிவிட்டு, பெரும்பாலும் எழுந்துவிடும். லைசென்ஸ் விசாரணை அப்புறம்தான். கம்ப்யூட்டரோடு சேர்ந்து வந்த ஓஇஎம் லைசென்ஸ் என்றால் அதோடு உடன்கட்டை ஏறவேண்டியதுதான். தனியாகக் காசு கொடுத்து வாங்கிய ரீடெயிலுக்கு மட்டும் மறுமணம் உண்டு.

இடமாற்றத்துக்குத் தயார்செய்ய மைக்ரோசாஃப்டே சிஸ்பிரெப் என்றொரு கருவி தருகிறது. அதைப் பழைய கம்ப்யூட்டரிலேயே முன்கூட்டி ஓட்டவேண்டுமாம். பழையது செத்த பிறகுதான் பலருக்கு இடமாற்ற யோசனையே வருகிறது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

லினக்ஸ்காரர்கள் இதையெல்லாம் பார்த்துச் சிரிப்பார்கள். டிஸ்க்கை மாற்றி மாட்டினால் அவர்களுடையது அநேகமாக அலட்டாமல் கிளம்பிவிடும். வைஃபை வருகிறதா என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது.