தாதாவிடம் பேசியது குற்றமா?

கேள்வி: ஜெயிலுக்குப் போய்வந்த கிரைம் ரிப்போர்ட்டர் யாராவது உண்டா?

பதில்: மும்பையின் ஜிக்னா வோரா. 2011 ஜூன் 11 அன்று, பட்டப்பகலில் பவாயில் பைக்கில் போய்க்கொண்டிருந்த மூத்த நிருபர் ஜே.டே-யை, பைக்கில் துரத்தி வந்தவர்கள் சுட்டுக் கொன்றார்கள். இந்தக் கொலைக்கு தாதா சோட்டா ராஜனைத் தூண்டிவிட்டவர் என்று நவம்பரில் ஜிக்னாவைக் கைது செய்தது போலீஸ். ராஜனிடம் போனில் பேசியது பேட்டிக்காக என்றார் அவர். கிரைம் நிருபர் தாதாவிடம் பேசாமல் கோயில் குருக்களிடமா பேசுவார்? பைகுல்லா சிறையில் சுமார் ஒன்பது மாதம்; பிறகு ஜாமீன். கோர்ட் அவரை விடுவித்தது 2018-ல்! அந்த ஏழு வருஷத்தை யார் திருப்பிக் கொடுப்பது? சிறை அனுபவத்தை அவர் புத்தகமாக எழுத, அது 2023-ல் ‘ஸ்கூப்’ தொடரானது. அவசியம் பாருங்கள்.