நம்மூர்ப் பையன் விலை ஒரு லெனார்ட்

2011 ஜூன் 23 இரவு, அமெரிக்காவின் நியூவர்க் நகரில், காவாய் லெனார்ட் என்ற 19 வயதுப் பையன் தலையில் இண்டியானா பேஸர்ஸ் தொப்பியை மாட்டிக்கொண்டு, கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் கமிஷனர் டேவிட் ஸ்டெர்னோடு போட்டோவுக்கு நின்றார். தொப்பியின் கஞ்சி மொடமொடப்புப் போவதற்குள் ஆள் கைமாறிவிட்டார். அணிகள் வரிசைப்படி புது ஆட்களை எடுக்கிற டிராஃப்டில் 15-ஆவதாக எடுத்தவரை பேஸர்ஸ் அப்படியே சான் அன்டோனியோ ஸ்பர்ஸுக்கு அனுப்பிவைத்து, பதிலுக்கு ஜார்ஜ் ஹில்லை வாங்கிக்கொண்டது. போதாக்குறைக்குக் கொசுறு வேறு: டேவிஸ் பெர்டான்ஸ் என்ற லாட்வியப் பையனும், எராஸெம் லோர்பெக் என்பவர் மீதான உரிமையும். அந்தக் கொசுறில் பாதி ஐந்து வருடம் கழித்து ஸ்பர்ஸுக்கு வந்து ஆடவும் செய்தது.

ஹில்லுக்கு அப்போது 25 வயது. ஸ்பர்ஸில் டோனி பார்க்கர் என்ற முதல் கார்டு மூச்சுவாங்கும் நேரத்தில் பெஞ்சிலிருந்து எழுந்து போகிற கார்டு. முதலாளி சாப்பிடப் போனால் கல்லாவில் உட்காருகிற மச்சினன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்து பார்த்தால் ஒரு பைசா குறையாது. அவர் உட்கார்ந்த அரைமணியில் வியாபாரம் இரட்டிப்பானது என்றும் யாரும் சொன்னதில்லை.

பேஸர்ஸ் தலைமையில் அப்போது இருந்தவர் லாரி பேர்ட். ஃப்ரெஞ்ச் லிக் என்ற இண்டியானாச் சிற்றூரில் வளர்ந்தவர். மற்ற மாநிலங்களில் பள்ளிக்கூடம் கட்டி, மிஞ்சிய இடத்தில் கூடைப்பந்து மைதானம் போடுவார்கள். இண்டியானாவில் மைதானத்தைக் கட்டிவிட்டு, இடமிருந்தால் பள்ளிக்கூடம். ஹில்லோ இண்டியானாபோலிஸிலேயே பிறந்து வளர்ந்தவர். படித்தது அதே ஊரில், இண்டியானா யுனிவர்சிட்டி பர்டூ யுனிவர்சிட்டி இண்டியானாபோலிஸ் என்ற நிறுவனத்தில். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் 24 வினாடிக் கெடிகாரம் அலறிவிடும். நம்மூர்ப் பையன் என்பதற்கு இதைவிடச் சாதிச் சான்றிதழ் என்ன வேண்டும்?

பேர்டைக் குற்றம் சொல்லவும் முடியாது. அந்த சீசனில் அணி ஜெயித்தது 37, தோற்றது 45. பந்தைக் கொண்டுபோக டேரன் காலிசனுக்குத் துணை தேவைப்பட்டது. லெனார்ட் ஆடுகிற ஃபார்வர்டு இடத்தில் டேனி கிரேஞ்சர் பட்டா போட்டு உட்கார்ந்திருந்தார். போன வருடம்தான் பால் ஜார்ஜை எடுத்திருந்தார்கள். மூன்றாவது ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது, தண்ணீர் பாட்டில் கொடுக்கவா?

விற்கிற இடத்திலும் ஒரே துக்கம். 61 ஆட்டம் ஜெயித்த ஸ்பர்ஸ், எட்டாமிடத்து மெம்பிஸிடம் முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்வியிருந்தது. கோச் கிரெக் பாப்போவிச்சுக்கு ஹில் செல்லப் பிள்ளை என்பது ஊரறிந்த கதை. வீட்டை விற்கிறவர் பத்திரத்தில் கண்கலங்கிக் கையெழுத்துப் போட்டால் வீடு நல்ல வீடு என்று அர்த்தம். ஹில் நல்ல வீடுதான், ஒழுகாது. பதிலுக்கு எழுதிக்கொடுத்த காலிமனையில் பிற்பாடு எண்ணெய் பீறிட்டது. டெக்சாஸ்காரன் மனையை எதற்கு வாங்குகிறான் என்று ஒருவராவது கேட்டிருக்கலாம்.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தார்கள் என்று இன்றைக்குச் சிரிப்பது சுலபம். அன்றைக்கு அது வெண்ணெயா சுண்ணாம்பா என்று யாருக்குத் தெரியும்? லெனார்டின் கை விரித்தால் 11 அங்குலத்துக்கு மேல். அந்தக் கையால் கல்லூரியில் தூரத்திலிருந்து 10 எறிந்தால் 3 விழுவதே பெரும்பாடு. 14 தடவை வேறு பெயர்கள் வாசிக்கப்பட்ட பிறகுதான் அவர் பெயர் வந்தது. 6-ஆவதாக வாஷிங்டன் எடுத்த யான் வெசெலி, மேடைக்குப் போகுமுன் காதலிக்கு ஒரு முத்தம் கொடுத்தார். அவரால் அந்த ஊர் ரசிகர்களுக்குக் கிடைத்த விறுவிறுப்பான காட்சி அது ஒன்றுதான். லெனார்டின் எறிதலை சான் அன்டோனியோவில் சிப் எங்கலண்ட் என்ற பயிற்சியாளர் பிரித்துப்போட்டுப் பூட்டினார். இண்டியானாவில் இருந்திருந்தால் அந்த ஸ்க்ரூடிரைவர் யாரிடம் இருந்திருக்கும்?

ஹில் வந்த முதல் சீசனிலேயே காலிசனின் நாற்காலியைப் பிடித்துவிட்டார். பேர்டுக்கு 2012-இல் சிறந்த நிர்வாகி விருதே கொடுத்தார்கள். 2013, 2014 இரண்டு வருடமும் பேஸர்ஸ் கிழக்குப் பிரிவின் இறுதி வரை போய், இரண்டு தடவையும் மயாமியில் லெப்ரான் ஜேம்ஸ் என்ற சுவரில் முட்டிக்கொண்டு திரும்பியது. பட்டா வைத்திருந்த கிரேஞ்சரோ 2012-13 சீசனில் முழங்கால் கோளாறால் ஆடியது வெறும் 5 ஆட்டம். இடமில்லை என்று லெனார்டை அனுப்பிய வீட்டில், திண்ணை முழுக்கக் காலி.

அந்தச் சுவரை 2014 இறுதிப் போட்டியில் ஸ்பர்ஸ் 4-1 என்று இடித்தது. லெப்ரானைத் துரத்தித் துரத்திக் காவல் காத்த லெனார்ட், 22 வயதில் இறுதிப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர். பிறகு அணி மாறி, 2019-இல் டொரன்டோவுக்காக பிலடெல்பியாவுக்கு எதிராகக் கடைசி நொடியில் அவர் எறிந்த பந்து, வளையத்தில் நாலு தடவை துள்ளித் துள்ளி யோசித்து உள்ளே விழுந்தது. ஒவ்வொரு துள்ளலுக்கும் இண்டியானாபோலிஸில் யாராவது ஒருவர் ஜெலுசில் குடித்திருப்பார்.

2016-இல் பேஸர்ஸ் ஹில்லை யூட்டாவுக்கு அனுப்பிவிட்டு ஜெஃப் டீகை வாங்கியது. அவர் எந்த ஊர் என்றா கேட்கிறீர்கள்? இண்டியானாபோலிஸ்.

ஹில் 2018-இல் கிளீவ்லாந்துக்காக இறுதிப் போட்டியின் முதல் ஆட்டத்தில், 4.7 வினாடி மீதமிருக்க, 107-107 என்று சமனான பிறகு இரண்டாவது ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்டார். யாருக்கும் அது நினைவில்லை. பந்தைப் பிடித்த ஜே.ஆர். ஸ்மித், கூடையை விட்டு எதிர்ப்பக்கம் ஓடிப்போய் மொத்தப் பழியையும் தன் தலையில் வாங்கிக்கொண்டார். தப்புச் செய்தால் பக்கத்தில் இப்படி ஒருவர் வேண்டும்.

2023 பிப்ரவரியில், 36 வயதில், ஹில் மீண்டும் பேஸர்ஸுக்கே வந்து சேர்ந்தார். கல்லாவில் டைரீஸ் ஹாலிபர்டன். அவர் சாப்பிடப் போனால் உட்கார டி.ஜே. மெக்கானல் இருந்தார். மெக்கானலும் சாப்பிடப் போனால், நம்மூர்ப் பையன்.