குண்டு வெடிக்கட்டும், நீ நல்லதை நினை

ஒருவனைப் பிடித்து ஈராக்குக்கு அனுப்புங்கள். திரும்பி வந்ததும் ஆப்கானிஸ்தானுக்கு அனுப்புங்கள். 12 மாதம் என்று சொல்லி 15 மாதம் வைத்திருங்கள். ஒப்பந்தம் முடிந்து மூட்டை கட்டுகிறானா, இன்னும் கொஞ்ச நாள் இரு என்று கதவைச் சாத்துங்கள். அவனுக்குத் தூக்கம் கெட்டு, கதவு அறைபட்டாலே உடம்பு தூக்கிப்போடும் நிலை வந்ததும் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுங்கள். இன்று நடந்த நல்ல விஷயம் மூன்றை எழுது தம்பி என்று சொல்லுங்கள்.

இது நம் கற்பனை இல்லை. அமெரிக்க ராணுவத்தின் அதிகாரபூர்வமான பயிற்சி. 'நல்லதை வேட்டையாடு' என்று அதற்குப் பெயர். 2009-ல் தொடங்கிய 'முழுமையான வீரர் தகுதி' என்ற திட்டத்தில் ஒரு பாடம். அன்றைய தலைமைத் தளபதி ஜார்ஜ் கேசி, வீரனின் உடம்பைப் போல மனதும் உறுதியாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஆசை நியாயமானதுதான். 11 லட்சம் பேருக்கு மன உறுதி. மதிப்பீடு 12.5 கோடி டாலர்.

பாடத்திட்டம் எங்கிருந்து வந்தது? பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், நேர்மறை உளவியலின் தந்தை என்று புகழப்படும் மார்ட்டின் செலிக்மனின் மையத்திலிருந்து. போட்டி டெண்டர் இல்லாமல் 3.1 கோடி டாலர் ஒப்பந்தம். அந்த மையத்தின் கையில் ஏற்கெனவே ஒரு பாடம் இருந்தது. பத்து முதல் பதினான்கு வயதுப் பள்ளிப் பிள்ளைகள் மனம் தளராமல் இருக்க உருவாக்கியது. கணக்குப் பரீட்சைக்குப் பயப்படும் பிள்ளைக்கும் கண்ணிவெடிக்குப் பயப்படும் வீரனுக்கும் பயம் ஒன்றுதானே! கொஞ்சம் தட்டி நிமிர்த்தி ராணுவத்துக்குப் பொருத்தினார்கள். சார்ஜென்டுகளைப் பத்து நாள் வகுப்பில் உட்கார வைத்தார்கள். பதினோராம் நாள் அவர்கள் மன உறுதிப் பயிற்றுநர்கள். ஒரு புதிய பூட்ஸைக்கூடச் சில நூறு பேருக்குப் போட்டு நடக்கவிட்டுப் பார்த்த பிறகே மொத்தமாக வாங்குவார்கள். மனதுக்கு அந்த முன்னோட்டம்கூடத் தேவைப்படவில்லை.

அந்த மூன்று நல்ல விஷயங்களை நாமும் எழுதிப் பார்க்கலாம். ஒன்று: குண்டு நம் வண்டிக்கு அடியில் வெடிக்கவில்லை, முன்னால் போன வண்டிக்கு அடியில்தான் வெடித்தது. இரண்டு: முன்வண்டிக்காரனுக்கு ஒரு கால் மிச்சம் இருக்கிறது. மூன்று: நல்லவேளை, நான்காவது கேட்கவில்லை.

பயிற்சிக்கு முன்னால் பரீட்சை. 105 கேள்விகள். எல்லோருக்கும் கட்டாயம். உன் வாழ்க்கைக்கு நிலையான அர்த்தம் இருக்கிறதா? மனிதகுலம் முழுவதோடும் உலகத்தோடும் நீ பிணைந்திருப்பதாக நம்புகிறாயா? ஆம் என்றால் நல்ல மதிப்பெண். பிறகு துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய் அந்த மனிதகுலத்தைச் சந்திக்கலாம். இல்லை என்றால் உன் ஆன்மிகத் தகுதி போதாது என்று திரையில் அறிவுரை வரும். கடவுள் நம்பிக்கை இல்லாத வீரர்கள் கொதித்ததில் வியப்பில்லை. அங்கே ஆன்மாவும் ஃபெயிலாகலாம்.

செலிக்மன் முதலில் பெயர் வாங்கியது நாய்களை வைத்து. 1967-ல், அதே பென்சில்வேனியாவில். நாய்களைக் கட்டிப்போட்டு மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். என்ன செய்தாலும் நிற்காது என்று தெரிந்த நாய், பிறகு தாண்டித் தப்பும் வழி இருந்த கூண்டில் விட்டபோதும் அப்படியே படுத்துக்கொண்டது. அதை எழுப்ப என்ன செய்தார்கள் தெரியுமா? கயிறு கட்டித் தடுப்புக்கு அப்பால் இழுத்துப்போய், வழி இருக்கிறது பார் என்று திரும்பத் திரும்பக் காட்டினார்கள். நாய் தேறியது. அதாவது, நாயைத் தேற்ற வெளியே போகும் வழி வேண்டும் என்பது ஆய்வுக்கூடத்துக்குத் தெரிந்திருந்தது. ராணுவம் என்ன செய்தது? 2001 முதல் 2009 வரை, ஒப்பந்தம் முடிந்தும் வீட்டுக்குப் போக விடாமல் நிறுத்திவைக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 1,45,000 பேர். வழியை அடைத்தாயிற்று. மின்சாரத்தை நிறுத்தவில்லை. நாயை மட்டும் நம்பிக்கையோடு இருக்கச் சொன்னார்கள்.

அதே நாய் ஆராய்ச்சியை இன்னொரு கூட்டமும் படித்தது. ஜேம்ஸ் மிட்செல், புரூஸ் ஜெஸன் என்று இரண்டு உளவியலாளர்கள். கைதிகளின் மனதை உடைக்க சிஐஏ-வுக்கு வழி வகுத்தவர்கள். அவர்களுடைய நிறுவனத்துக்கு 8.1 கோடி டாலர் போனதாக 2014-ல் அமெரிக்க செனட் குழுவின் அறிக்கை சொன்னது. அந்தச் சித்திரவதைக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்றார் செலிக்மன். இருக்கட்டும். நாம் கஜானாவைப் பார்ப்போம். மனதை உடைக்க ஒரு பில். மனம் உடையாமல் காக்க ஒரு பில். இரண்டையும் கட்டியது ஒரே வரிப்பணம்.

சரி, பலன்? 2011 ஜனவரியில் 'அமெரிக்கன் சைக்காலஜிஸ்ட்' இதழ் இந்தத் திட்டத்துக்கென்றே ஒரு சிறப்பிதழ் போட்டது. அதன் அழைப்பாசிரியர்களில் ஒருவர் செலிக்மன். வேலிக்கு ஓணான் சாட்சி. வெளியாட்கள் வந்து பார்த்தபோது கதை வேறாக இருந்தது. அமெரிக்காவின் 'இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின்' அமைப்பு 2014-ல் பாதுகாப்புத் துறையின் இத்தகைய திட்டங்களை ஆராய்ந்தது. பெரும்பாலானவற்றுக்கு உருப்படியான ஆதாரம் இல்லை என்று முடித்தது. 2015-ல் 'யுஎஸ்ஏ டுடே' நாளிதழ் ராணுவத்தின் சொந்தக் கணக்கையே வெளியே கொண்டுவந்தது. செலவு 28.7 கோடி டாலரைத் தொட்டிருந்தது. சோதித்த 7,70,000 வீரர்களில் 52 சதவீதம் பேர் எதிர்கால நம்பிக்கையில் தேறவில்லை. நிருபர் கேள்வி கேட்டதும் ராணுவம் விழித்துக்கொண்டது. வீரர்களைத் தேற்ற அல்ல. தேர்ச்சி மதிப்பெண்ணைத் தேற்ற. அளவுகோலை இறக்கிக் கணக்கைத் திரும்பப் போட்டதில், தேறாதவர்கள் 9 சதவீதம்தான் என்று ஆயிற்று. ஆறு ஆண்டுப் பயிற்சியில் உண்மையாகவே வளைந்துகொடுக்கக் கற்றுக்கொண்டது அந்தச் சூத்திரம் ஒன்றுதான்.

இடையில் 2012 வந்து போனது. அந்த ஓராண்டில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்ட அமெரிக்கப் படையினரின் எண்ணிக்கை, அதே ஆண்டில் ஆப்கானிஸ்தான் போரில் இறந்த அமெரிக்கப் படையினரின் எண்ணிக்கையைத் தாண்டியது. இதற்கு நம்மிடம் நகைச்சுவை இல்லை.

அதே 2012-ல் வாஷிங்டன் மாநிலத்தின் மடிகன் ராணுவ மருத்துவமனையில் ஒரு விவகாரம் வெடித்தது. போரின் அதிர்ச்சியால் மனம் பாதிக்கப்பட்டவர் என்று மருத்துவர்கள் எழுதிக்கொடுத்த சான்றை, அங்கிருந்த மேலாய்வுக் குழு நூற்றுக்கணக்கானவர்களுக்கு மாற்றி எழுதியிருந்தது. அங்கே நடந்த ஒரு விளக்கக் கூட்டத்தில் சொல்லப்பட்ட பாடம்: இப்படி ஒரு சான்று கொடுத்தால் அந்த வீரனின் ஆயுள் முழுவதும் சேர்த்து 15 லட்சம் டாலர் வரை செலவு. மக்கள் பணம், பார்த்து எழுதுங்கள். டெண்டர் இல்லாமல் 3.1 கோடியைத் தூக்கிக் கொடுத்தபோது இந்தச் சிக்கனம் எங்கே படுத்திருந்தது?

இன்னொரு வழியும் இருந்தது. 2001-க்கும் 2010-க்கும் இடையே 31,000-க்கு மேற்பட்டோரை 'ஆளுமைக் கோளாறு' என்று எழுதி வெளியே அனுப்பினார்கள். சேர்க்கும்போது தலை முதல் கால் வரை பார்த்து, தகுதியானவன் என்று முத்திரை குத்தியதும் இதே ராணுவம்தான். கோளாறு பிறவியிலேயே இருந்ததாம். போரால் வந்ததில்லையாம். ஆகவே இழப்பீடு இல்லை. மனம் பலவீனம் என்றால் பயிற்சி. பயிற்சி பலிக்கவில்லை என்றால் பிறவிக் கோளாறு. இரண்டிலும் போருக்குப் பங்கு கிடையாது.

நமக்கு இது புரியாத பாஷை இல்லை. மூன்று பேர் வேலையை ஒருவன் தலையில் கட்டி, ஆள் எடுக்காமல், சனிக்கிழமை, அதுவும் லீவு நாளில், 'மன அழுத்த மேலாண்மை' வகுப்பு எடுக்கும் கம்பெனிகளில் நாமும் உட்கார்ந்து எழுந்தவர்கள்தான். மூச்சை இழுங்கள், விடுங்கள், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.

மன உறுதியைக் கற்றுத்தர முடியாது என்று இங்கே யாரும் சொல்லவில்லை. நல்ல மருத்துவர், போதிய ஓய்வு, வாக்குக் கொடுத்த தேதியில் ஊர் திரும்பும் விமானம், இவை கிடைத்தால் மனிதர்கள் எதையும் தாங்குவார்கள். இவற்றுக்குச் செலவு அதிகம். நோட்டுப் புத்தகம் மலிவு. இல்லாத ஆயுதத்தைத் தேடி ஈராக்குக்குப் படை அனுப்பியவர்களில் ஒருவரைக்கூட அந்த 105 கேள்விக்கு முன்னால் உட்கார வைக்கவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

இத்தனை கோடி கொட்டியும் மன உறுதி கிடைக்கவில்லையே என்று நாம்தான் அங்கலாய்க்கிறோம். கொட்டியவர்கள் அதை வாங்கக் கடைக்குப் போகவே இல்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது ஒரு ரசீது: 'நாங்கள் சொல்லிக்கொடுத்தோம், பையன்தான் கற்றுக்கொள்ளவில்லை.' அது கைக்கு வந்துவிட்டது. அடுத்த போருக்கும் செல்லும்.