எது போட்டீங்க சார்?

கோவிஷீல்டு என்று சொன்னால் "ஓ..." என்று ஓர் இழுப்பு. கோவேக்சின் என்றாலும் அதே இழுப்புதான், பரிவு மட்டும் கொஞ்சம் கூடும். 2021-ல், கொரோனா தடுப்பூசி போட்ட காலத்தில், உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் இருந்திருப்பார். உறையூரில் எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் பணி ஓய்வு பெற்றவர். மாஸ்க் தாடையில்தான் இருக்கும், பேசுவதற்கு வசதியாக.

கோவிஷீல்டுக்காரர்களுக்கு அவர் ஐரோப்பாவைக் கூட்டிவருவார். "ரத்தம் உறையுதுன்னு அங்க நிறுத்தி வச்சாங்களே, பேப்பர் பார்க்கலையா?" ஐரோப்பாவில் பல நாடுகள் மறுபடி ஆரம்பித்துவிட்ட செய்தி அதே பேப்பரில் வந்தது, அந்தப் பக்கத்தை அவர் புரட்டமாட்டார். கோவேக்சின்காரர்களுக்கு உலக சுகாதார நிறுவனம். "அவங்க இன்னும் ஏத்துக்கலையே. நாளைக்கு அமெரிக்காவுல மகளைப் பார்க்கப் போகணும்னா என்ன செய்வீங்க?"

"எனக்கு மகளே இல்ல சார்."

"பையன் போகலாம்ல?"

நவம்பர் 3-ம் தேதி உலக சுகாதார நிறுவனம் கோவேக்சினையும் ஏற்றுக்கொண்டது. மறுநாள் அவரிடம் சொன்னேன். "இவ்வளவு நாள் ஏன் இழுத்தாங்க? அதை யோசிங்க" என்றார். எதிர்வீட்டு ஐ.டி. பையன் தனியார் மருத்துவமனையில் 1,145 ரூபாய் கொடுத்து ஸ்புட்னிக் போட்டுக்கொண்டு வந்தான். முதல் டோஸில் ஒரு வைரஸ், இரண்டாவதில் வேறொரு வைரஸ் என்று அதன் தயாரிப்பு முறையைப் பெருமையாக விளக்கவும் செய்தான். "அப்ப காசு குடுத்து ரெண்டு கட்சியிலயும் உறுப்பினர் ஆயிட்டே" என்றார். அவன் அதற்கப்புறம் மாடியிலிருந்து இறங்கவில்லை.

பிராண்டோடு போகட்டும் என்றால் அடுத்த கேள்வி வரும். "குப்பியில முதல் ஆளா, கடைசி ஆளா?" ஒரு குப்பியில் பத்துப் பேருக்கு மருந்து. ஆளுக்கு அரை மில்லி. திறந்தால் நாலு மணி நேரத்தில் தீர்த்தாக வேண்டும் என்பதால், பத்துப் பேர் சேரும்வரை நர்ஸ் குப்பியைத் திறக்கமாட்டார். இவ்வளவும் அவருக்கு அத்துபடி. அதிலிருந்து அவர் எடுத்த முடிவு என்னவென்றால், முதல் ஆளுக்கு வெறும் தெளிவு, கடைசி ஆளுக்கு அடிமண்டி, ரசம் மாதிரி. "அப்ப நடுவுல நிக்கணுமா சார்?" என்று ஒரு அப்பாவி கேட்டார். "நடுவுல நின்னா ரெண்டும் கலந்து வருமே" என்று பதில் வந்தது.

இரண்டு டோஸுக்கு நடுவில் எத்தனை நாள் என்பது அவருக்கு வற்றாத சுரங்கம். கோவிஷீல்டுக்கு முதலில் நாலு முதல் ஆறு வாரம் என்றார்கள். மார்ச்சில் ஆறு முதல் எட்டு வாரம் ஆயிற்று. மே மாதம் அதுவே பன்னிரண்டு முதல் பதினாறு. நாலு வாரத்தில் போட்டுக்கொண்டவர்களிடம், "அவசரப்பட்டுட்டீங்களே." பன்னிரண்டு வாரம் காத்திருந்தவர்களிடம், "இத்தனை நாள் கழிச்சுப் போட்டா உடம்புக்கு முதல் ஊசி ஞாபகம் இருக்குமா?" காய்ச்சல் வந்தவனுக்கு உடம்பில் தெம்பு இல்லை. வராதவனுக்குப் போட்டது தண்ணீர் ஊசி.

இந்தத் திறமைக்கெல்லாம் மேடை எது என்றால், ஊசி போட்டவர்களை அரை மணி நேரம் உட்கார வைக்கிற கூடம்தான். எழுந்து போக முடியாத ஜனங்கள், இடைவெளி விட்டுப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள், வேலை செய்யாத மின்விசிறி. இவர் யாரையாவது கூட்டிவருகிற சாக்கில் வந்துவிடுவார். ஏற்கெனவே கையைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சு படபடக்கிறதா என்று தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவரின் பக்கத்தில் குனிந்து, "இடது கைலயா போட்டாங்க? இதயம் இருக்கிற பக்கமாச்சே" என்பார். அங்கே யாருக்காவது மயக்கம் வந்தது என்றால் அதில் பாதி இவர் கணக்கு.

இதுவரை சிரித்துக்கொண்டே எழுத முடிந்தது. ஏப்ரல் 17-ல் நடிகர் விவேக் இறந்தார். அதற்கு இரண்டு நாள் முன்புதான் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டு, எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று பேசியிருந்தார். இதயத்தின் முக்கிய ரத்தக்குழாய் அடைத்திருந்தது, ஊசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று மருத்துவர்கள் எடுத்துச் சொன்னார்கள். நம்மவர் அந்த மாதம் முழுக்க வீடு வீடாகப் போனார். "நான் வேணாம்னு சொல்லல. கொஞ்சம் பொறுத்துப் பாருங்கன்னுதான் சொல்றேன்." தெருமுனையில் தேய்ப்பு வண்டி போடும் அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். பெரிய மனுஷர், படித்தவர் சொல்கிறார் என்று பொறுத்தது. மே மாதம் மனசு மாறிப் போய் நின்றபோது மருந்து தீர்ந்துபோய் டோக்கன் இல்லை. மாசக் கடைசியில் தொற்று வந்தது. பிழைத்தது. ஆனால் இரண்டு மாதம் வண்டி வெளியே வரவில்லை. கடன் வாங்கித்தான் சாப்பிட்டார்கள்.

அப்புறம்தான் தெரிந்தது, இவர் மார்ச் முதல் வாரமே, அறுபது வயதைத் தாண்டியவர்களுக்குத் திறந்துவிட்ட சூட்டோடு சூடாகப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தவர் என்று. சான்றிதழை லேமினேட் செய்து பர்ஸில் வைத்திருந்தார். "என்ன சார் இது?" என்றேன். "எனக்குச் சுகர் இருக்குல்ல" என்றார். எது போட்டீங்க என்று கேட்டேன். "எது இருந்துச்சோ அது." ஊரைப் பொறுக்கச் சொல்லிவிட்டு வரிசையில் முதல் ஆளாகப் போய் நின்ற மனிதர் என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறவேண்டிய அவசியமும் இருப்பதாகத் தெரியவில்லை.

செப்டம்பர் 12-ல் மாநிலம் முழுக்க மெகா முகாம் நடத்தினார்கள். பிறகு ஞாயிறு தோறும் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை கறி சாப்பிடுகிறவர்களும் குடிக்கிறவர்களும் ஊசிக்குப் பயந்து வருவதில்லை என்று, அக்டோபரில் ஒரு முகாமைச் சனிக்கிழமைக்கே மாற்றினார் சுகாதாரத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன். அந்தச் சனிக்கிழமைதான் தேய்ப்பு அக்கா போட்டுக்கொண்டது. அடுத்த நாள் காலை வண்டியில் கரி பற்ற வைத்துக்கொண்டிருந்தபோது சார் வந்து நின்றார்.

"ராத்திரி காய்ச்சல் வந்துச்சாம்மா?"

"வந்துச்சு, போச்சு. உங்க கணக்குல முந்நூத்து இருபது நிக்குது சார். அதை இன்னைக்கு முடிச்சிருங்க."