வெறுங்கையோட போ மாப்ள!

வா மாப்ள, கையை இங்கிட்டு நீட்டு. அடேயப்பா! ரோலெக்ஸ் சப்மரைனர்! பாரிமுனைப் பிளாட்பாரத்துல எவ்வளவுக்குத் தந்தான்? சரி சரி, சொல்லாத, உங்கப்பன் காதுல விழுந்துரும். ‘ஃபர்ஸ்ட் காப்பி சார், கம்பெனிக்காரனே கண்டுபிடிக்க மாட்டான்’னு வித்தவன் சொன்னானாக்கும். அந்தப் பேச்சை நம்பி, அந்தக் கம்பெனியோட அத்தாரைஸ்டு ஷோரூமுக்கே இதைக் கட்டிக்கிட்டுப் போயி, அடுத்த வாட்ச் வாங்க வந்த மைனராட்டம் விசாரிக்கப் போறேங்கிற. நல்ல ரோசனைதான். கொல்லன் தெருவுல ஊசி விக்கப் போறவனுக்கே இம்புட்டுத் தைரியம் வராது. அவன் கையில இருக்குறது நெச ஊசியாச்சும்.

போகாதன்னு சொல்லுவனா? உன் சந்தோசத்துக்கு இந்த மாமன் எப்பவாச்சும் குறுக்க நின்னிருக்கனா? பஸ் ஸ்டாண்டு ஓரம் கண்ணாடிப் பெட்டி வச்சு, ஒத்தக் கண்ணுல லென்ஸை மாட்டிக்கிட்டு வாட்ச் ரிப்பேர் பாத்தவன்ங்கிற முறையில நாலு வார்த்தை சொல்றேன், கேட்டுக்க.

உள்ள நுழைஞ்சதும் கையை ஆட்டிக்கிட்டே இரு. சும்மா வச்சேன்னா செகண்ட் முள்ளு காட்டிக் கொடுத்துரும். அசலுக்கு உள்ள மணிக்கு 28,800 துடிப்பு, அதாவது செகண்டுக்கு எட்டு. முள்ளு வழுக்கிக்கிட்டே போகும். பேட்டரி போட்ட டூப்ளிகேட்ல டிக்கு டிக்குனு நின்னு நின்னு நொண்டும். என்னது, உன்னோடது ஆட்டோமேட்டிக்கா? பரவாயில்லையே, காசு கூடப் போட்டு ஏமாந்திருக்க. அப்ப முள்ளை விடு, தேதிய மூடிக்க. கண்ணாடி மேல குமிழ் ஒண்ணு ஒட்டியிருக்கு பாரு, அசல்ல அது தேதிய ரெண்டரை மடங்கு பெருசாக் காட்டும். உன்னோடதுல 11-ஆ 17-ஆன்னு நான் குனிஞ்சு பாக்க வேண்டியிருக்கு.

ஆறு மணிக்குக் கீழ, கண்ணாடியில ஒரு குட்டிக் கிரீடம் இருக்கும். அசல்ல அதைத் தேடுனாத்தான் தெரியும். வெளிச்சத்துல சாய்ச்சுச் சாய்ச்சுப் பாக்கணும். உன்னோடதுல திண்ணையில உக்காந்த எனக்கே தெரியுது. பொய்யி எப்பவும் ஒரு சுதி கூடத்தான் பேசும் மாப்ள.

குடிக்கத் தண்ணி கொண்டாந்து தருவாங்க. பதனமா வாங்கு, வாட்ச் மேல ஊத்திக்காத. 1953-ல முக்குளிக்கிறவங்களுக்காக வந்த ரகம் அது. 300 மீட்டர் ஆழம் தாங்கும்னு உன் டயல்லயும் போட்டிருக்கான். நீ என்னடான்னா சாப்புட்டுக் கை கழுவுறதுக்கே அதைக் கழட்டி ஜன்னல்ல வைக்கிறியாமே, உங்கம்மா சொன்னா.

போலீஸைக் கூப்புட்டுருவாங்களோன்னு பயப்படாத. டிரேட் மார்க்ஸ் சட்டம், 1999 வித்தவனைத்தான் தேடுது. பொய் முத்திரை போட்ட சரக்கை வித்தா, விக்கிறதுக்குன்னு வச்சிருந்தா, ஆறு மாசத்துல இருந்து மூணு வருசம் வரைக்கும் உள்ள போகணும். 50,000 ரூபாய்ல இருந்து ரெண்டு லட்சம் வரைக்கும் அபராதம் வேற. கையில கட்டுனவனுக்கு அதுல இடம் இல்ல. ஆனா ‘இதை வச்சுக்கிட்டுப் புதுசு ஒண்ணு தாங்க’ன்னு எக்ஸ்சேஞ்ச் பேச்சை மட்டும் எடுத்துராத. எடுத்தியோ, வாங்குன நீயே விக்கிறவன் ஆயிருவ.

இம்புட்டும் நீ சமாளிச்சுருவ. சாமர்த்தியசாலி, எங்கக்கா மகன்ல! ஒரே ஒரு இடத்துலதான் மாட்டுவ. வாட்ச் கடைக்குப் போறவன் வாட்ச்சைக் கட்டிப் பாக்காமலா வருவான்? கட்டிப் பாக்கணும்னா கையில இருக்குறதைக் கழட்டணும்ல? கடைப்பையன் மெத்து வச்ச தட்டு ஒண்ணை முன்னாடி நகத்துவான். நீ கழட்டி அதுல வைக்கணும். அவன் அசலை எடுத்து அதுக்குப் பக்கத்துலயே வைப்பான். ரெண்டும் ஒரே தட்டுல, மேல லைட்டு, நடுவுல ஒரு சாண் கூட இல்ல. லென்ஸு எதுக்கு, அப்பப் பாரு உனக்கே தெரியும். தட்டை ஓரமா ஒதுக்குறப்ப அவன் உன் செயினைத் தொடுவான். தெனமும் அசலைத் தொடுற விரலு அது. கொக்கியோட லொடலொடப்பு போதும் அவனுக்கு.

ஒண்ணும் சொல்ல மாட்டான். அதுதான் கொடுமை. ‘நல்ல கலெக்சன் சார்’னு சிரிப்பான். நீயும் சிரிப்ப.

அங்க இன்னொரு சூட்சுமம் இருக்கு. ஆளுங்க அடிச்சுப் பிடிச்சுக் கேக்குற மாடலுக்குக் காசைக் கட்டி வச்சாலும் அன்னைக்கே தர மாட்டாங்க. கண்ணாடிக்குள்ள இருக்குறதுல பாதி, பாக்குறதுக்கு மட்டும்னு அட்டை போட்டு வச்சதா இருக்கும். பேரை எழுதி வச்சுட்டுத்தான் வரணும். யாருக்கு எப்பத் தர்றதுன்னு அவங்கதான் பாத்து முடிவு பண்ணுவாங்க. வெறுங்கையோட போனேன்னா, ‘இந்தக் கைக்கு ஒண்ணு வித்துரலாம்’னு அவனுக்கு ஒரு நப்பாசை வரும். பெங்களூருல செஞ்ச பழைய எச்எம்டி கட்டிக்கிட்டுப் போனா, ‘பெரியவர் வாட்ச்சா சார்’னு ரெண்டு வார்த்தை மரியாதையாப் பேசுவான். இதைக் கட்டிக்கிட்டுப் போனா? ‘சாருக்கு வாட்ச் வேண்டாம், வாட்ச் வச்சிருக்காருன்னு நாலு பேரு சொன்னாப் போதும்’னு அவனுக்குப் புரிஞ்சு போகும். அந்த ஆசைய நீதான் பிளாட்பாரத்துலயே முடிச்சுக்கிட்டியே! பொறவு அவன் எதுக்கு நோட்டை எடுக்கப் போறான்?

அதனால வெறுங்கையோட போ மாப்ள. பிடிச்சதைக் கேளு, கட்டிப் பாரு, விலையைக் கேட்டு மலைச்சு நில்லு. மலைக்கிறது ஒண்ணும் மானக்கேடு இல்ல. அந்த விலைக்கு எவனும் மலைப்பான்.

அப்ப இந்த ஃபர்ஸ்ட் காப்பிய என்ன செய்யன்னு கேக்குறியா? தூக்கிப் போடாத. கலியாண வீடு, காதுகுத்து, ஆபீஸ் பார்ட்டின்னு ஆயிரம் இருக்கு. வெளியில பொண்ணு பாக்கப் போனாலும் தாராளமாக் கட்டிக்க. எம்மகளைக் கேட்டு வர்றப்ப மட்டும் கழட்டி வச்சுட்டு வா.