சூழல் சுற்றுலாவில் அட்டையின் இடம்: சிங்கராஜ வனத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

மழைக்காட்டுக்குப் போகத் திட்டம் போடுகிறவர்களின் பட்டியல்களில் ஓர் ஒழுங்கு உண்டு. தொலைநோக்கி, மழைக்கோட்டு, மாற்றுச் சட்டை, பவர் பேங்க், பிஸ்கட், வயிற்றுப்போக்கு மாத்திரை என்று மளமளவென்று எழுதிவிட்டு, தாளின் அடியில், இடம் போதாமல் சாய்வாக, ‘அட்டை??’ என்று ஒரு குறிப்பு இருக்கும். அந்தக் கடைசி வரியே முதல் வரியாக இருந்திருக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு. சூழல் சுற்றுலாவுக்குப் பன்னாட்டுச் சூழல் சுற்றுலாச் சங்கம் 1990இல் ஒரு வரையறை வகுத்தது. இயற்கை நிலங்களுக்குப் பொறுப்போடு போய்வர வேண்டும், அதனால் சூழல் காக்கப்பட வேண்டும், அங்கே வாழ்பவர்கள் நலம் பெற வேண்டும் என்றது. 2015இல் அதைத் திருத்தி, போகிறவருக்குக் கல்வியும் கிடைக்க வேண்டும் என்று சேர்த்தார்கள். காப்பு, நலன், கல்வி ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் நிறைவேற்றித் தருவது விடுதியும் அல்ல, முகவரும் அல்ல. காலுறைக்குள் நுழையும் அட்டைதான்.

முதலில் நலனைப் பார்ப்போம். சென்னையிலிருந்து இலங்கையின் சிங்கராஜ வனத்துக்குக் கிளம்பும் ஒருவரின் பணம் எங்கெங்கே போகிறது? பாதிக்கு மேல் விமானத்துக்கும் கொழும்பு விடுதிக்கும் போய்விடுகிறது. இணையத்தில் அறை பிடித்தால் அதற்கொரு கமிஷன். வேன்காரருக்கும் டீசலுக்கும் ஒரு பங்கு. குடாவ வாயிலை எட்டியபின் வனத் திணைக்களத்தின் நுழைவுச் சீட்டு. அதில் உள்நாட்டாருக்கு ஒரு விலை, வெளிநாட்டாருக்குப் பல மடங்கு விலை. வழிகாட்டிக்குக் கொடுப்பது மட்டுமே ஊருக்குள் தங்குகிறது என்று நம்பலாம். இத்தனை கையும் மாறியபின் காட்டுக்குள் பிறந்து காட்டுக்குள்ளேயே சாகும் உயிர்களுக்கு நேரடியாக ஒரு சல்லிக்காசும் போய்ச் சேர்வதில்லை. அட்டையின் வசூலில் இந்தக் கோளாறே கிடையாது. இடையில் தரகர் இல்லை, பாஸ்போர்ட் பார்த்து விலை சொல்வதில்லை, ரசீது மட்டும் தரும்: மூன்று தாடைகள் சேர்ந்து பதிக்கும் சிறு வடு. மழை பெய்து ஓய்ந்த பாதையோரம் குனிந்து பார்த்தால் அலுவலகம் நடக்கும் விதம் தெரியும். வாடிய இலையொன்றின் நுனியில் பின்புற உறிஞ்சியை ஊன்றிக்கொண்டு, மீதி உடம்பை நிமிர்த்தி, ஒரு நனைந்த சேமியா இழை காற்றைத் துழாவுவதுபோல் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருக்கும். தலையில் ஐந்து இணைக் கண்கள். காலடியின் அதிர்வு, மூச்சுக்காற்று, உடம்புச்சூடு ஏதாவது ஒன்று பட்டதும் ஆட்டம் நின்று, சாண் போட்டு அளந்துகொண்டே வந்து சேரும். பழமொழியில் மெத்தையை விட்டுக் குட்டையைத் தேடும் அட்டை வேறு. இதற்குக் குட்டையே வேண்டாம். மேலே பல இனப் பறவைகள் கூட்டுச் சேர்ந்து இரைதேடும் சிங்கராஜாவின் புகழ்பெற்ற காட்சி நடக்கும்போது எல்லோரும் அண்ணாந்து நிற்பார்கள். வசூல் கீழே நடக்கும்.

காப்பைப் பற்றி அதிகம் வாதிட வேண்டியதில்லை. 1970களில் ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக இந்தக் காட்டில் இயந்திரம் வைத்து மரம் வெட்டினார்கள். மக்கள் எதிர்ப்பால் 1977இல் நிறுத்தினார்கள். 1978இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும், 1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைத் தலமாகவும் ஆயிற்று. அன்று மரம் ஏற்றிய வண்டிகள் ஓடிய தடத்தில்தான் இன்று குடாவப் பக்கம் சுற்றுலாப் பயணிகள் நடக்கிறார்கள். அந்தத் தடத்தை விட்டு விலகாதீர்கள் என்று அறிவிப்புப் பலகை சொல்வதைக் கேட்பவரைவிட, ஓரத்து இலைச்சருகைப் பார்த்துத் தானாக நடுவுக்கு வருபவர் அதிகம். பாய் விரித்துப் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிப்பது, ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டு ஆடுவது, மரத்தில் பெயர் செதுக்குவது ஆகிய நம் தேசியக் கலைகள் மூன்றுக்கும் ஓரிடத்தில் பத்து நிமிடமாவது நிற்க வேண்டும். அட்டை அதற்கு இடம் கொடுப்பதில்லை.

கல்விக்குத்தான் சான்றுகள் குவிந்துகிடக்கின்றன. 1344இல் இலங்கைக்கு வந்த இபின் பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியின் உதவியோடு சிவனொளிபாத மலைக்குப் போனார். வழியில் மரத்திலும் புல்லிலும் இருந்து மனிதர் மேல் பாயும் அட்டைகளைப் பற்றியும், அவற்றின்மேல் பிழிய எலுமிச்சம்பழத்தோடு ஆட்கள் தயாராக இருந்ததைப் பற்றியும் எழுதிவைத்தார். பொருட்படுத்தாமல் போன ஒரு யாத்திரிகர் இரத்தம் போயே இறந்தார் என்றும் சேர்த்தார். பயண நூல்களில் இது வழக்கமான மிகை என்று விட்டுவிடலாம். ஆனால் அட்டை பாயும் என்றது அவ்வளவு எளிதாகத் தள்ளக்கூடியதாக இல்லை. மடகாஸ்கரில் ஓர் அட்டை இலையிலிருந்து உடம்பை வளைத்துத் தாவுவதைப் படம்பிடித்து, 2024இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஆக, 680 ஆண்டுகளுக்குப் பிறகு வழக்கு மடகாஸ்கரில் தீர்ந்தது. இலங்கை அட்டைக்கு இன்னும் வாய்தாதான். இடையில் 1884இல் ஜான் ஹேக்ராஃப்ட், அட்டையிடம் இரத்தத்தை உறையவிடாத பொருள் இருப்பதைக் கண்டறிந்தார். அட்டை விழுந்த பிறகும் காலுறை நனைந்துகொண்டே இருப்பதன் காரணம் அதுவே. 2012இல் வியட்நாமியக் காட்டு அட்டைகள் 25ஐ ஆராய்ந்தபோது 21இன் வயிற்றில் பாலூட்டிகளின் மரபணு கிடைத்தது. கேமரா வைத்தும் சிக்காத வரிமுயலின் தடயமும் அவற்றில் இருந்தது. அப்படியானால் காட்டின் வருகைப் பதிவேடு அட்டையின் வயிறுதான். வாயிலில் நாம் போடும் கையெழுத்தை எவரும் படிப்பதில்லை, இதையாவது படிக்கிறார்கள்.

எதிர்வாதங்கள் இல்லாமலில்லை. அட்டை இல்லாத மாதமாகப் பார்த்துப் போனால் என்ன என்பது முதலாவது. ஜனவரி முதல் ஏப்ரல் வரையும், பிறகு ஆகஸ்ட், செப்டம்பரிலும் மழை குறைவு என்று பயண நூல்கள் சொல்வது உண்மையே. ஆனால் ஆண்டுக்கு 3,600 முதல் 5,000 மில்லிமீட்டர் வரை, அதாவது சென்னையைப் போல இரண்டரை மடங்குக்கு மேல், மழை பெறும் இடத்தில் குறைவு என்பது அங்குள்ள கணக்கு. மழைக்காட்டைப் பார்க்கப் புறப்பட்டு மழையில்லாத நாளைத் தேடுவது கடல் பார்க்கப் போய் அலை ஓயக் காத்திருப்பவரின் காரியம். முழங்கால் வரை வரும் அட்டை உறை இருக்கிறதே என்பது இரண்டாவது. அது புதிதல்ல, காப்பித் தோட்டத் துரைமார் நெருக்கமாக நெய்த துணியில் அப்படிப்பட்ட உறைகளைப் போட்டுக்கொண்டதை எமர்சன் டெனண்ட் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார். உறை போட்டவரின் கழுத்திலும் அட்டை காணப்படுவதால் இந்த வாதம் இடுப்புக்கு மேல் நிற்காது.

மூன்றாவது எதிர்வாதம் சற்றுக் கனமானது. இரத்தம் கொடுப்பதுதான் இலக்கணம் என்றால், இரக்குவானை, தெனியாயப் பக்கத்துத் தேயிலை மலைகளில் அட்டைக்கடியோடு கொழுந்து பறிக்கும் பெண்ணை அல்லவா தலைசிறந்த சூழல் சுற்றுலாப் பயணி என்று சொல்ல வேண்டும்? ஆம், கணக்குப்படி அப்படித்தான் வருகிறது. ஒரு பயணி ஆயுளில் கொடுப்பதை அவர் ஒரு மழைக்காலத்தில் கொடுத்துவிடுகிறார். காலில் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டு மலை ஏறும் அவரை எந்த நாட்டுச் சுற்றுலாத் துறையும் படம்பிடிக்காமலில்லை. கூடையோடும் சிரிப்போடும் பிடிக்கிறது, கணுக்காலுக்குக் கீழே மட்டும் படச்சட்டம் போவதில்லை. வரையறையில் ‘பயணம்’ என்று இருப்பதால் அவர் விடுபட்டுப் போகிறார். இது வரையறை எழுதியவர்களின் குறை. அட்டை யாரையும் விடவில்லை.

கடைசியாக, உப்பு. உப்பைத் தூவினாலோ நெருப்பைக் காட்டினாலோ அட்டை உண்டதைக் கடிவாயிலேயே கக்கிவிட்டு விழும்; புண் சீழ்வைக்கும் வாய்ப்புண்டு. வைப்பாகப் போட்ட தொகையை வட்டியோடு திரும்பக் கேட்டால் வங்கி எப்படித் தருமோ தெரியாது, அட்டை இப்படித்தான் தரும். பொறுமை இல்லாதவர் நகத்தை அதன் மெல்லிய முனையின் அடியில் கொடுத்து நெம்பி எடுக்கலாம். பொறுமை உள்ளவர் அது நிறைந்து தானே உதிரும்வரை உட்காராமல் நிற்கலாம். அதற்கு அரைமணி நேரமோ அதற்கு மேலோ ஆகும் என்பதால், பயண நிரலில் காலை உணவுக்கும் அருவிக்கும் நடுவே அந்த நேரத்தை ஒதுக்கி, செலவுப் பத்தியில் ‘நன்கொடை’ என்று எழுதிவைப்பது முறை.