பற்றறியின் ஆழமும் பார்வையாளர் தொகையும்: ஹோம்புஷில் ஒரு கள ஆய்வு

கார் பற்றறி பற்றிய நூல்கள் எல்லாம் ஈயத்தையும் அமிலத்தையும் கட்டிக்கொண்டே அழுகின்றன. 1859இல் பிரெஞ்சுக்காரர் காஸ்தோன் பிளாந்தே மீள மின்னேற்றக்கூடிய ஈயப் பற்றறியைச் செய்தார். 1912இல் கடிலாக் காருக்கு மின்தொடக்கி வந்தது. ஹாண்டில் சுற்றிக் கை முறிந்த காலம் மெல்ல ஒழிந்தது. எல்லாம் சரி. செத்த பற்றறியைச் சுற்றி நிற்கும் மனிதரைப் பற்றி இந்நூல்கள் மூச்சுவிடுவதில்லை.

எமது கருதுகோள்: பற்றறி எவ்வளவு ஆழத்தில் ஒளிந்திருக்கிறதோ, அவ்வளவுக்கு அதைச் சுற்றித் தமிழர் கூடுவர்.

யாழ்ப்பாணத்து மொறிஸ் மைனரில் பொனட்டைத் திறந்தால் பற்றறி கண்முன்னே இருக்கும். ஒருவர் போதும். பழைய மினியில் அது டிக்கிக்குள், வொக்ஸ்வாகன் பீற்றிலில் பின்சீற்றுக்கு அடியில். இருவர் என்று கொள்க. என் காரின் பெயரை ஆய்வு நெறி கருதி மறைக்கிறேன். அதில் பற்றறி இடது முன்சில்லுக்கு முன்னால், மட்கார்ட்டின் வயிற்றுக்குள் குடியிருக்கிறது. எஞ்சின் சூடு படாது, பொனட்டுக்குள் இடம் மிச்சம் என்பது பொறியியலாளரின் நியாயம். அவர் சிட்னியின் யூலை மாதக் குளிர்காலையில் கொங்கிறீற்றில் மல்லாந்து படுத்தவரல்லர்.

களம்: சிட்னியின் முதல் ரயில் பாதை 1855இல் திறந்தபோதே நிலையம் பெற்ற ஊர் ஹோம்புஷ். ஆகவே "ரெயினிலை போங்கோவன்" என்ற மனைவியின் முன்மொழிவுக்கு வரலாற்று ஆதாரம் உண்டு. ஆய்வாளர் அதை ஏற்கவில்லை.

ஆறு கலங்களும் நிறைந்த பற்றறி ஏறத்தாழ 12.6 வோல்ற் காட்டவேண்டும். என்னுடையது 10.8 காட்டியது. மீற்றரை நான் கீழே வைக்கமுன் முதலாம் பார்வையாளர் வந்துவிட்டார். பேர்லிங்டன் ரோட்டுக்கு முருங்கைக்காய் வாங்கப் புறப்பட்ட அண்ணை அவர்.

"தம்பி, சில்லைக் கழட்டாமல் உது நடவாது."

ஜக் வந்தது. ஜக்கோடு இரண்டாமவரும் வந்தார். "முதல் நெகற்றிவ்வைக் கழட்டும். பொசிற்றிவ்விலை வைச்ச ஸ்பனர் பொடியிலை முட்டினால் பொறி பறக்கும்" என்றார். அன்று சொல்லப்பட்டவற்றுள் முற்றிலும் சரியான கூற்று இது. ஆகையால் எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

மூன்றாமவரின் பங்களிப்பே இவ்வாய்வின் கருவூலம். அவர் எதையும் கழட்டவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "தொண்ணூறுகளிலை, சண்டைக் காலத்திலை, யாழ்ப்பாணத்துக்குப் பற்றறி கொண்டுபோகவே அரசாங்கத் தடை. சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைச் சுத்தி, டைனமோவிலை பிபிசி கேட்டனாங்கள்" என்றார். யார் சுற்றினார், செய்தி முடியமுன் யார் களைத்தார், எந்தச் செய்தி பாதியில் அறுந்தது என்று அரைமணி நேரம் விவாதம் ஓடியது. பெடல் சுற்றியவர்கள் இருவர் அவ்விடத்திலேயே நின்றனர். மருந்து முதல் சவர்க்காரம் வரை தடைப்பட்டியல் ஒப்புவிக்கப்பட்டது. அந்தப் பொழுதில் பற்றறியை யாரும் தொடவில்லை. ஆனால் கூட்டம் ஏழானது. கருதுகோள் நிறுவப்பட்டது.

சில்லு கழன்று, உள்மூடி திறந்து, நிலத்தில் படுத்து, பாரமான பெட்டியை வெளியே இழுத்தபோது மணி பதினொன்று. புதியதை மாட்டினோம். கார் உறுமியது. மணிக்கூடு மட்டும் நள்ளிரவைக் காட்டியது.

அப்போது முருங்கைக்காய் அண்ணையின் பேரன், பதினொரு வயது, கைப்பேசியில் என் காரின் கையேட்டைப் பார்த்தபடி, "சில்லைக் கழட்டத் தேவையில்லை, தாத்தா. ஸ்ரியரிங்கை வலப்பக்கம் முழுக்கத் திருப்பினால் மூடி தெரியுமாம்" என்றான்.

பதினெட்டு வயதுக்குக் குறைந்தோரை ஆய்வில் சேர்க்க ஒழுக்கக் குழுவின் அனுமதி வேண்டும். அதை நாம் பெற்றிருக்கவில்லை. ஆகவே அவனுடைய கூற்று முடிவுகளில் சேர்க்கப்படவில்லை.